தென்னைக்குள் கேட்கும் நறநறப்பு: காதா, கருவியா?

தென்னைத் தண்டைக் குடையும் சிவப்புக் கூன்வண்டு விஷயத்தில் கண்ணை நம்பினால் தோப்புக்காரருக்கு நஷ்டம்தான். தண்டில் ஓட்டை, அதில் வடியும் பழுப்புச் சாறு, மென்று தள்ளிய நார் எல்லாம் வெளியே தெரியும்போது, உள்ளே புழுக்கள் பாதி மரத்தைக் குடைந்திருக்கும். ஆனால் புழு நாரைக் கடிக்கும் ஒவ்வொரு தடவையும் சில மில்லிநொடிகளே நீடிக்கும் சிறு அதிர்வு தண்டில் ஓடுகிறது. அதைப் பிடிக்க இன்று பல வழிகள் உண்டு.

காசில்லாத வழி காது. தண்டில் ஒட்டிவைத்துக் கேட்டால் 'நறநற'வென்று சத்தம் வரும். தோப்பில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. வெறுங்காதுக்கே கேட்கிறது என்றால் புழு கொழுத்துவிட்டது என்றும் அர்த்தம்.

அடுத்தது பீசோ சென்சர், அதாவது அதிர்வை மின்சமிக்ஞையாக மாற்றும் உணரி. தண்டில் ஒரு திருகாணியை இறக்கி, அதில் சென்சரை மாட்டி, சத்தத்தைக் கூட்டும் ஆம்ப்ளிஃபயர் வழியாக ஹெட்போனில் கேட்பது. அமெரிக்க வேளாண் துறையின் கெய்ன்ஸ்வில் ஆய்வகம் இதில் பல காலம் உழைத்திருக்கிறது. சிறு புழுவின் கடியும் கேட்கும். தொல்லை என்னவென்றால் மட்டை உரசல், அணில், சாலையில் போகும் லாரி எல்லாமே கேட்கும். அதனால் காற்றடங்கிய விடியற்காலைதான் தோது. நார்த்தண்டு சத்தத்தை விழுங்கிவிடும் என்பதால் ஒரே மரத்தில் இரண்டு மூன்று இடங்களில் வைத்துப் பார்க்க வேண்டும். அப்புறம், திருகாணி போட்ட ஓட்டையை உடனே அடைத்துவிடுங்கள். காயம்பட்ட இடம் தேடித்தான் பெண் வண்டு முட்டையிட வரும்!

மரத்துக்கு ஒன்றாகப் பொருத்திவிட்டு, போனில் எச்சரிக்கை வாங்கும் சென்சர்களும் உண்டு. இஸ்ரேலின் அக்ரின்ட் நிறுவனம் இப்படி ஒன்றைச் செய்கிறது. இரவும் பகலும் கேட்டுக்கொண்டே இருக்கும் என்பது பெரிய வசதி. ஆனால் எத்தனை மரமோ அத்தனை சென்சர்.

அந்தச் செலவுக்கு மாற்றாக வந்தது ஒளியிழை, அதாவது ஒளியைக் கடத்தும் மெல்லிய கண்ணாடி இழை. சவூதியின் கிங் அப்துல்லா அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தினர் 2020இல் வெளியிட்ட ஆய்வில், மரங்களின் அடியில் சுற்றிய இழைக்குள் லேசர் துடிப்புகளை அனுப்பி, சிதறித் திரும்பும் ஒளியின் மாற்றத்தை வைத்து 12 நாள் புழுவைக்கூடக் கண்டுபிடித்தார்கள். ஒரே இழை வரிசையாகப் பல மரங்களைக் கேட்கும். படித்ததும் எனக்கும் ஆசை வந்தது. ஆனால் அது பேரீச்சைக்குத் தைத்த சட்டை. பேரீச்சையில் பெரும்பாலும் அடித்தண்டில்தான் தாக்குதல். நம் வளர்ந்த தென்னையிலோ காண்டாமிருக வண்டு குடைந்த வழியாகக் கொண்டைக்குள்ளும் கூன்வண்டு நுழையும். அடியில் சுற்றிய இழைக்கு அது எங்கே கேட்கப் போகிறது?

வண்டுகளை வாசனையால் இழுத்துப் பிடிக்கும் இனக்கவர்ச்சிப் பொறி இந்தப் போட்டியிலேயே இல்லை. தோப்பில் வண்டு நடமாடுகிறது என்று சொல்லும். எந்த மரத்தில் என்று சொல்லாது. அதை முன்னெச்சரிக்கையாக வைத்துக்கொண்டு, வண்டு விழத் தொடங்கியதும் இளம் மரங்களில் பீசோ சென்சரோடு இறங்குவதே சிறு தோப்புக்குச் சரி என்பேன். நாலைந்து பேர் சேர்ந்து ஒரு கருவி வாங்கினால் போதும்.

முட்டையும் கூட்டுப்புழுவும் எதையும் கடிப்பதில்லை. இன்று சத்தமில்லாத மரத்தைச் சில வாரம் கழித்து மறுபடியும் கேட்டுப் பாருங்கள்.