சொந்தக் கிட் சர்வர்: ஃபோர்ஜேயோவா, ராடிக்கிளா?

2023 டிசம்பர் வெள்ளத்தில் தாமிரபரணி திருநெல்வேலி சிந்துபூந்துறைக்குள் வந்தபோது எங்கள் கிட் (நிரல்களின் மாற்ற வரலாற்றைச் சேமிக்கும் மென்பொருள்) சர்வர் அங்கே ஒரு நண்பர் வீட்டுத் தரைத்தளத்தில் இருந்தது. தண்ணீர் வடிந்த பிறகு ஹார்ட் டிஸ்க் எழும்பவே இல்லை. பத்தமடையில் பாய் முடைகிறவர்களுக்காக நாங்கள் எழுதும் கணக்குச் செயலியின் நிரல் மட்டும் ஒரு வரிகூடப் போகவில்லை. அம்பை (அம்பாசமுத்திரம்), வள்ளியூர், பாளையங்கோட்டை என்று ஆளுக்கொரு லேப்டாப்பில் முழு வரலாறும் இருந்தது. 2005இல் லினஸ் டோர்வால்ட்ஸ் கிட்டை அப்படித்தான் அமைத்தார். போனது பேச்சு. கோரைக் கட்டுக்கு ஏன் எடையை விட்டு எண்ணிக்கையை வைத்தோம் என்ற விவாதமெல்லாம் இஷ்யூக்களில், அதாவது பிழைகளையும் யோசனைகளையும் எழுதிப் பேசும் பதிவுகளில், இருந்தது. இஷ்யூக்கள் சர்வரின் டேட்டாபேஸில் மட்டுமே இருந்தன.

அதனால் இந்த முறை முதலில் பார்த்தது, பேச்சு எங்கே தங்குகிறது என்பதைத்தான்.

சொந்தமாக நிறுவிக்கொள்ளும் கிட் சர்வர் மென்பொருள்களில் கிட்லேப்பில் வசதி ஏராளம், ஆனால் 8 ஜிபி ராம் இல்லாமல் நிம்மதியாக ஓடாது. ஐந்து பேருக்கு அது அதிகம். எஸ்எஸ்எச் (பாதுகாப்பான தொலை இணைப்பு) வழியாக வெறும் ரெப்போ (நிரலும் அதன் வரலாறும் இருக்கும் கிடங்கு) மட்டும் வைத்தால் செலவில்லை, பேச இடமும் இல்லை.

ஃபோர்ஜேயோவும் அப்படியொரு சர்வர் மென்பொருள்; 2022இல் கிட்டீ என்ற மென்பொருளிலிருந்து பிரிந்தது. எஸ்பெராண்டோ மொழியில் அந்தப் பெயருக்குக் கொல்லன் பட்டறை என்று பொருள். கோ என்ற நிரல் மொழியில் எழுதிய ஒரே பைனரி (அப்படியே இயக்கும் கோப்பு). எஸ்க்யூலைட் என்ற சின்ன டேட்டாபேஸோடு ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினியில் ஓடிவிடும், கரண்ட் போனாலும் சின்ன இன்வெர்ட்டர் தாங்கும். திரை கிட்ஹப் தளம் மாதிரியே இருப்பதால், அதைப் பார்த்த கல்லூரிப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரவே வேண்டாம். ஆனால் பேச்சு மறுபடியும் ஒரே டேட்டாபேஸில்தான். ஆக்டிவிட்டிபப் என்ற பொது நெறிமுறை வழியாகச் சர்வர்களை இணைக்கும் வேலை நடக்கிறது, முடியவில்லை. வீட்டு இணைப்புகள் பலவற்றில் தனிப் பொது ஐபியும் (வெளியிலிருந்து நேராக வர உதவும் இணைய முகவரி) கிடையாது. வெளியிலிருந்து உள்ளே வர ஒரு விபிஎஸ் (இணையத்தில் இருக்கும் மெய்நிகர் சர்வர்) வாடகைக்கு எடுத்து, அதிலிருந்து வீட்டுக்கு டனல் (இணைப்புப் பாதை) போட வேண்டும்.

ராடிக்கிளில் நடு சர்வரே கிடையாது. 2024இல் 1.0 வந்தது. இஷ்யூ, பேட்ச் (நிரலில் செய்ய முன்மொழியும் மாற்றம்) எல்லாமே கிட் சேமிக்கும் ஆப்ஜெக்ட்டுகளாக, எழுதியவரின் சாவியால் (அவர் கணினியில் இருக்கும் ரகசியக் கோப்பு) கையொப்பமிட்டு ரெப்போவுக்குள்ளேயே இருக்கும். குளோன் (முழு நகல்) செய்தால் பேச்சும் கூடவே வந்துவிடும்! வீட்டு நோட் (ராடிக்கிள் ஓடும் கணினி), வெளியே எப்போதும் இயங்கி நகல் வைத்திருக்கும் சீட் நோடைத் தானே கூப்பிட்டுக்கொள்வதால் பொது ஐபி தேவையில்லை. அம்பையில் கரண்ட் இல்லாவிட்டாலும் வள்ளியூரில் வேலை நடக்கும்.

சரி, அப்படியானால் எல்லாவற்றையும் அதற்கே மாற்றிவிடலாமே என்றால், எனக்குத் தயக்கம் சாவியில்தான். அதைத் தொலைத்தவருக்குப் புதுப் பாஸ்வேர்டு போட்டுத்தர நிர்வாகி யாரும் இல்லை. அந்த அடையாளம் போனது போனதுதான். நாலு இடத்துக்குப் பரவிய தகவலைத் திரும்ப அழைக்கவும் முடியாது. பெரும்பாலான வேலை டெர்மினலில், கட்டளைகளைத் தட்டச்சு செய்து, நடக்கிறது. முதல் மாதத்திலேயே ஒரு மாணவி சாவி இருந்த லேப்டாப்பை ஃபார்மேட் செய்துவிட்டு அழுதாள். அது அவள் தவறல்ல, நாங்கள் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும்.

அன்றாட வேலைக்கு ஃபோர்ஜேயோவையே வைத்தோம். அது ஓடும் ராஸ்பெர்ரி பை இப்போது பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு மச்சில் இருக்கிறது. தினமும் ராத்திரி முழு டம்ப் (டேட்டாபேஸும் சேர்ந்த நகல்) அம்பைக்குப் போகிறது. மாதம் ஒருமுறை அதை அங்கே திறந்து, இஷ்யூக்கள் சரியாக வருகின்றனவா என்று பார்க்கிறோம். டெர்மினல் பழகிய மூன்று பேர் மட்டும் செயலியின் கணக்குப் பகுதி நிரலை (லைப்ரரி) தனியே பிரித்து ராடிக்கிளில் வைத்திருக்கிறோம். கோரைக் கட்டு விவாதத்தை நினைவிலிருந்து திரும்ப எழுதி அதன் முதல் இஷ்யூவாகப் போட்டேன். அது இப்போது மூன்று ஊர்களில் இருக்கிறது.