மானிடவியல்: அறுபதா, நாற்பதா, இருபதா?

"மனிதனைப் பற்றிப் படிக்க ஒரு பட்டமா? எம்ஆர்டியில் ஏறி உட்கார்ந்தால் போதாதா?" என்று கேட்டார் என் அக்கா. மேல்நிலைத் தேர்வு முடிவுகள் வந்த வாரம் அது. மகள் மானிடவியல் என்கிறாள்; தாய் கணக்கியல் என்கிறார்; சமூகவியல் படித்துப் பிழைத்துக்கொண்டிருக்கும் தாய்மாமன் என்பதால் இருவரும் என் முகத்தைப் பார்க்கிறார்கள். அக்காவின் கிண்டலில் பாதி உண்மை இருப்பதுதான் தொல்லை. ரயிலில் உட்கார்ந்து மனிதர்களைக் கவனிப்பது உண்மையிலேயே இந்தப் படிப்பின் ஒரு பகுதி. கவனித்ததில் எதை நம்புவது, எதை எழுதுவது, எழுதியதை யாரிடம் காட்டக் கூடாது என்பவற்றைக் கற்கத்தான் ஆண்டுகள் ஆகின்றன.

இங்கே இருக்கும் வழிகளை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் படித்த காலத்தில் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் அந்தத் துறையின் பெயர்ப்பலகையில் சமூகவியல் மட்டுமே இருந்தது. மானிடவியல் அதற்குள் ஒண்டுக்குடித்தனம் நடத்தியது. இன்று அது சமூகவியல், மானிடவியல் துறை. மானிடவியலைத் தனி முதன்மைப் பாடமாகவே எடுக்கலாம். 160 அலகுகள் கொண்ட நான்காண்டுப் பட்டத்தில் முதன்மைப் பாடத்துக்கு 60 அலகு, இரண்டாம் முதன்மைப் பாடத்துக்கு 40, துணைப்பாடத்துக்கு 20. வழக்கமாக ஒரு பாடத்துக்கு 4 அலகு என்று கணக்கிட்டால் 15, 10, 5 பாடங்கள். மானிடவியலை முதன்மைப் பாடமாகத் தந்த இன்னோர் இடமும் இருந்தது: யேல்-என்யுஎஸ் கல்லூரி. 2013இல் முதல் அணியைச் சேர்த்தது. 2021இல் மூடும் அறிவிப்பு வந்தது. 2025இல் கடைசி அணி வெளியேறியது. நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழகத்திலும் கதவில் எழுதியிருப்பது சமூகவியல்தான்.

சமூகவியலுக்கும் மானிடவியலுக்கும் என்ன வேறுபாடு என்று மருமகள் கேட்டாள். வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடுகளில் எந்த இனத்தார் எவ்வளவு விழுக்காடு இருக்கலாம் என்ற இன ஒதுக்கீடு 1989இல் வந்தது. அதனால் பேட்டைக்குப் பேட்டை அண்டை வீட்டாரின் கலவை எப்படி மாறியது, மறுவிற்பனை விலை எப்படி நகர்ந்தது என்று கேட்பது பெரும்பாலும் சமூகவியலின் பழக்கம். மானிடவியல் ஒரே ஒரு தாழ்வாரத்தில் போய் உட்காரும். தீபாவளிக்கு யார் வீட்டுக்கு முறுக்குத் தட்டு போகிறது? நோன்புப் பெருநாளுக்கு அந்தத் தட்டு எதைச் சுமந்து திரும்புகிறது? எந்தக் கதவுக்கு மட்டும் தட்டு போவதே இல்லை? பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தரக் கூடாது என்று நம் பாட்டிகள் சொல்வார்கள். சும்மா கிடைக்கும் பரிசு என்று ஒன்று கிடையாது, பெற்றவரைக் கட்டிப்போடும் கடன்தான் அது என்ற வாதத்தைப் பிரெஞ்சு அறிஞர் மார்செல் மோஸ் 1925இல் ஒரு நீண்ட கட்டுரையாகவே எழுதினார். முதலாண்டில் அதைப் படித்தபோது, எங்கள் புளோக்கின் நான்காம் மாடி முழுவதும் எனக்கு வேறு மாதிரித் தெரிந்தது. இரண்டு துறைகளும் ஒன்றையொன்று கடன் வாங்கிக்கொண்டே இருப்பவை. எல்லையில் முள்வேலி கிடையாது. ஆனால் எண்ணிக்கையில் நிம்மதி காண்பவரா, தாழ்வாரத்தில் நிம்மதி காண்பவரா என்பது உங்களுக்கே தெரியும்.

இப்போது இருபதுக்கு வருகிறேன். துணைப்பாடத்தை ஏளனமாகப் பார்ப்பவர்கள் உண்டு. நான் அப்படிப் பார்ப்பதில்லை. ஓர் அறிமுகப் பாடம், பிறகு சமயம், மருத்துவம், உணவு, நகர வாழ்க்கை என்று ஈர்ப்புக்கு ஏற்ற நான்கு. முதலாம் உலகப் போர்க் காலத்தில் பசிபிக்கின் டிரோபிரியாண்ட் தீவுகளில் கூடாரம் அடித்துத் தங்கிய மானிடவியலர் மாலினோவ்ஸ்கி முதல் இன்றைய ஆய்வாளர்கள் வரை, பிறர் களத்தில் பட்ட பாட்டைப் படித்துத் தெரிந்துகொள்ளலாம். வேறொரு தொழிலுக்குப் போகிறவருக்கு இது நல்ல முதலீடு. 1980களில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்ட்டோ ஆய்வகத்தில் லூசி சச்மன் என்ற மானிடவியலர், புதிய நகல் இயந்திரத்தோடு கணினி ஆய்வாளர்களே மல்லுக்கட்டுவதைப் படம்பிடித்தார். அவர்கள் படிக்காதவர்கள் அல்லர். வடிவமைத்தவர் மனத்தில் இருந்த வரிசை ஒன்று, இயந்திரத்தின் முன் நிற்பவரின் கை போகும் வழி வேறொன்று. கணினியியல், கட்டடக்கலை, தாதிமை படிக்கும் பிள்ளைகள் ஐந்து பாடம் மானிடவியல் எடுத்தால் இந்த இடைவெளியாவது கண்ணில் படும். பேறுகாலப் பத்தியம் இருக்கும் தமிழ்த் தாய், மருத்துவமனைத் தட்டைத் தொடாமல் திருப்பி அனுப்பினால், அதை அடம் என்று எழுதாமல் என்னவென்று கேட்கத் தெரிந்த தாதி நமக்கு வேண்டும்.

ஆனால் ஐந்து பாடங்களில் கிடைக்காத ஒன்று உண்டு. அதைச் சொல்ல என் பழைய கதைக்குப் போக வேண்டும்.

ஆனர்ஸ் என்னும் நான்காம் ஆண்டில் என் ஆய்வேடு, லிட்டில் இந்தியா எனப்படும் தேக்காவின் பூக்கடைகளைப் பற்றியது. பஃபலோ சாலையில் ஒரு கடை. முதல் இரண்டு வாரம் கையில் குறிப்பேட்டோடு நின்றேன். கடைக்கார அம்மா என்னை ஏதோ அரசாங்க ஆள் என்று நினைத்து அளவோடு பேசினார். மூன்றாம் வாரம், "தம்பி, அந்த நோட்டை உள்ளே வை. இந்த நாரைப் பிடி" என்றார். பிடித்தேன். என் கட்டு நெகிழ்ந்து மல்லி கொட்டியது. பக்கத்துக் கடைக்காரர் சிரித்தார். அன்றிலிருந்து பேச்சு வந்தது. விலையைப் பற்றி முறையாகப் பேட்டி எடுத்தபோது அவர் சொன்னது: "கடன் கிடையாது. எல்லாருக்கும் ஒரே விலை." அதை எழுதிக்கொண்டு அடிக்கோடும் இட்டேன்.

மூன்று மாதம் நார் பிடித்த பிறகு என் கண்ணில் பட்டவை வேறு. வெள்ளிதோறும் மனைவியின் படத்துக்கு மாலை வாங்கும் முதியவருக்கு, அவர் தந்த காசுக்கு மேல் ஒரு முழம் போகும். கட்டுமான ஊழியர் ஒருவர் சம்பள நாளில்தான் கொடுப்பார். இடைப்பட்ட நாள்களின் கணக்கு எந்தத் தாளிலும் இல்லை. மொத்தமாக வாங்கும் இடத்திலிருந்து ஆள் வந்தாலோ, காசுக்குக் காசு பேரம். அப்படியானால் அந்த அம்மா பொய் சொன்னாரா? ஒரு மாலைப் பொழுதில் கேட்டே விட்டேன். "அவங்க வாடிக்கை இல்லையே, நம்ம ஆளுங்க" என்றார். கடன் என்றால் வாங்குபவருக்கும் விற்பவருக்கும் நடுவில் உள்ளது. முதியவரும் ஊழியரும் அவர் கணக்கில் வாங்குபவர்களே அல்லர். தவறு பதிலில் இல்லை. வாடிக்கை என்ற சொல்லை நானாக நிரப்பிக்கொண்ட கேள்வியில் இருந்தது. நூறு பேரிடம் வினாத்தாள் கொடுத்திருந்தாலும், ஒரே விலை என்ற ஒரே பதில் அழகான வரைபடமாக வந்திருக்கும். ஆய்வேட்டுக்கு என்ன மதிப்பெண் என்று கேட்காதீர்கள்.

அறுபது அலகு வாங்கித் தருவது இந்த அவமானத்தைத்தான். பங்கேற்றுக் கவனிக்கும் முறை, களக்குறிப்பு எழுதும் பழக்கம், நெறிமுறை ஒப்புதலுக்கு விண்ணப்பம், எவர் பெயரை எப்படி மறைப்பது என்ற கவலை, கடைசியில் சொந்தமாக ஓர் இனவரைவியல் எழுத்து, அதாவது மக்களோடு பழகிக் கண்டதைப் பதிவுசெய்யும் எழுத்து. துறையின் பழைய பாவங்களையும் சாவகாசமாகப் படிக்க நேரம் கிடைக்கும். சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டன், நம் முன்னோரின் மூக்கையும் மண்டையையும் கருவிகொண்டு அளந்து, 1909இல் தென்னிந்தியச் சாதிகளைப் பற்றி ஏழு தொகுதிகள் வெளியிட்டார். அளக்கப்பட்டவர்களின் பேரப்பிள்ளை அந்த வகுப்பில் உட்கார்ந்திருப்பது சாதாரணச் செய்தியா? துணைப்பாடக்காரர் இதை ஒரு வாரத்தில் கடந்துவிடக்கூடும். முதன்மைப் பாடக்காரர் அதோடு குடித்தனம் நடத்தியாக வேண்டும்.

களம் வாசலில் இருப்பது சிங்கப்பூர் மாணவருக்கு வாய்த்த கொடை. 1949-50இல் மானிடவியலர் மாரிஸ் ஃபிரீட்மன் இங்குள்ள சீனக் குடும்பங்களையும் அவர் மனைவி ஜூடித் ஜமூர் மலாய்க் குடும்பங்களையும் ஆராய லண்டனிலிருந்து வந்தார்கள். நமக்குப் பஸ் கட்டணம் போதும். தைப்பூசத்தில் ஸ்ரீ ஸ்ரீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு வரை காவடியோடு நடப்பவர்களுக்குப் பக்கத்தில் தண்ணீர்ப் பாட்டிலைச் சுமந்துகொண்டு நடந்தாலே ஓர் ஆய்வுக்குப் பொருள் சேரும். தமிழ் பேசத் தெரிந்த மாணவருக்குத் தங்குவிடுதி ஊழியர், கோயில் தொண்டர், சமையல்காரர் எல்லாரும் மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் பேசக்கூடியவர்கள். இந்தச் சாதகத்தை நம் பிள்ளைகள் பலர் சாதகம் என்றே எண்ணுவதில்லை. வீட்டில் பேசும் மொழிதானே என்று விட்டுவிடுகிறார்கள்.

நாற்பது? பெற்றோரைச் சமாதானப்படுத்தும் எண் அது. பொருளியல் ஒரு கை, மானிடவியல் மறு கை. கோட்பாடும் முறையும் போதுமான அளவு வரும். சான்றிதழிலும் பெயர் வரும். சிக்கல் நான்காம் ஆண்டில்தான். ஆய்வேட்டைப் பெரும்பாலும் முதலாவது பாடத்தில்தான் எழுதுவார்கள். அங்கே பொருளியல் இருந்தால், மூன்று மாத நார் பிடிப்புக்கு நேரம் எங்கே? மானிடவியலை அறுபதில் வைத்து மற்றொன்றை நாற்பதுக்கு இறக்குவதுதான் என் விருப்பம். புள்ளியியலோ புவியியலோ பக்கத்தில் இருந்தால், களத்தில் கண்டதை எண்ணியும் காட்டலாம்.

தெற்காசிய ஆய்வுகள் என்ற அண்டை வீட்டையும் மருமகள் எட்டிப்பார்த்தாள். அங்கே வட்டாரம்தான் தலைவாசல்: வரலாறு, அரசியல், மொழி, இலக்கியம் எல்லாம் அந்த வாசல் வழியே. தமிழ்நாட்டையோ இலங்கையையோ முழுதாக அறிய விரும்புபவருக்கு அது நல்ல வீடு. முறை ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு நாளை பாத்தாம் தீவுக்கும் போகலாம், மருத்துவமனைக்கும் போகலாம் என்றால் மானிடவியல்தான். வெளிநாடு என்றால், இங்கிலாந்தில் மூன்றே ஆண்டு, வழக்கமாக ஒரே பாடம்; துணைப்பாடம் என்ற பேச்சே பெரும்பாலும் எழாது. எழுதப்போவது தேக்காவைப் பற்றி என்றால் எதற்கு அவ்வளவு தூரம் போய்த் திரும்புவது என்பது என் கட்சி.

வேலை? அக்கா இந்தப் பத்திக்காகத்தான் காத்திருந்தார். இந்தத் துறைக்கு விளம்பரம் செய்பவர்கள் எடுத்துக்காட்டும் பெயர்கள் பளபளப்பானவை: 2012 முதல் 2019 வரை உலக வங்கித் தலைவராக இருந்த ஜிம் யோங் கிம், நிதித்துறைச் செய்தியாளர் ஜில்லியன் டெட். இருவரும் மானிடவியலில் முனைவர் பட்டம் பெற்றவர்கள்; கிம் மருத்துவரும்கூட. இளநிலைப் பட்டத்தோடு அவர்களை ஒப்பிடுவது, உறியடித் திருவிழாவில் வென்றவனை மலையேறியோடு ஒப்பிடுவது போல. இங்கே பட்டதாரி கைக்கு எட்டும் தூரத்தில் இருப்பவை அருங்காட்சியகம், மரபுடைமை, சமூக சேவை, ஆசிரியப் பணி, பயனர் ஆய்வு, பொதுச்சேவை. வேலை விளம்பரத்தில் மானிடவியலர் தேவை என்று வருவது அபூர்வம். என்ன செய்யத் தெரியும் என்பதை நேர்முகத்தில் நாமே விளக்க வேண்டும். அப்படி விளக்க, காட்டுவதற்கு ஓர் எழுத்து வேண்டும். அறுபது அலகு வைத்திருப்பவரிடம் அது இருக்கும். இருபது வைத்திருப்பவருக்குக் கணினியியலோ கணக்கியலோ சோறு போடும், அவருக்கு விளக்கும் அவசியமே வராது. நடுவில் மாட்டிக்கொள்பவர் நாற்பதுக்காரர்தான்.

அவசரம் இல்லை என்பது இங்குள்ள ஏற்பாட்டில் நல்ல செய்தி. 2021 முதல் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தின் மனிதவியல், அறிவியல் கல்லூரியில் (College of Humanities and Sciences) சேர்பவர் பொதுப் பாடங்கள் பதின்மூன்றைப் படிக்கிறார். சேரும் நாளிலேயே முதன்மைப் பாடத்தை அறிவிக்க வேண்டியதில்லை. இடைப்பட்ட நாளில் செய்ய மருமகளுக்கு ஒரு வேலை கொடுத்தேன்: புளோக்கின் மின்தூக்கி முன்னால் மாலை ஆறு முதல் எட்டு வரை ஐந்து நாள் உட்கார், பார்த்ததை எழுது, நினைத்ததை எழுதாதே. முதல் நாள் அரைப்பக்கம் எழுதினாள், அலுப்பு என்றாள். ஐந்தாம் நாள் ஒன்பது பக்கம். யார் யாருக்காகக் கதவைப் பிடித்து நிறுத்துகிறார்கள் என்பதிலேயே நான்கு பக்கம் போயிருந்தது. மின்தூக்கி வந்தும் ஏறாமல், கூட வர யாராவது ஆள் கிடைக்கும்வரை காத்திருக்கும் ஒரு பெரியவரும் அதில் இருந்தார்.

அக்கா சமையலறையில் நின்றபடியே அதைப் படித்தார்.

"யார் இந்தப் பெரியவர்?"

"நம் எதிர் வீடு, அம்மா."