எக்ஸ்ரே எடுக்காமல் ஒட்டப்பட்ட ஆறு வேனீர்கள்

மகளின் திருமணத்துக்கு ஐந்து மாதங்கள் இருந்தபோது, கறைபடிந்து இடைவெளி விட்டிருந்த என் மேல்வரிசை முன்பற்கள் ஆறையும் சீராக்கிக்கொள்ள எங்கள் ஊரிலுள்ள ஒரு தனியார் பல் கிளினிக்குக்குச் சென்றேன். பெயரைச் சொல்லப்போவதில்லை, நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

மருத்துவர் கைப்பேசியில் இரண்டு படங்கள் எடுத்தார். மாதிரிப் பற்கள் கோத்த பட்டையை என் உதட்டருகே வைத்து நிறத்தைத் தேர்ந்தார். பரிசோதனை அத்தோடு முடிந்தது. கீழே வலப்பக்கத்தில் இரண்டு கடைவாய்ப்பற்களைப் பல ஆண்டுகளுக்கு முன்பே பிடுங்கிவிட்டதையும், பல் துலக்கும்போது ஈறில் இரத்தம் கசிவதையும் நானாகவே சொன்னேன். "அதெல்லாம் கல்யாணம் முடிஞ்சு பாத்துக்கலாம் சார், இப்போ சிரிப்பை மட்டும் சரிபண்ணிடலாம்" என்றார். கேட்க இதமாக இருந்ததால் நானும் தலையாட்டினேன். மூன்றே வருகைகளில் பற்களைத் தேய்த்து, அச்செடுத்து, வேனீர்களை, அதாவது பல்லின் முன்பக்கத்தை மறைக்கும் மெல்லிய பீங்கான் தகடுகளை, ஒட்டி 54,000 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள்.

திருமணத்துக்கு மூன்று வாரம் இருக்கையில் ஒருநாள் காலையில் வாய் கொப்பளித்தபோது, வெந்தய அளவில் வெள்ளைத் துண்டொன்று வாஷ்பேசினில் விழுந்தது. நாக்கால் தடவியபோது முன்பல்லின் முனை அரம்போல் உரசியது. அதே வாரத்தில் பக்கத்துப் பல்லின் மேலே ஈறு வீங்கி, அழுத்தினால் சீழ் வந்தது. கிளினிக்கில் கேட்டதற்கு, நான் கடினமான பண்டத்தைக் கடித்திருப்பேன் என்று பழியை என்மீதே போட்டுவிட்டார்கள்.

பிறகு வேறொரு பல் மருத்துவரிடம் சென்றேன். அவர் முதலில் எடுத்தது எக்ஸ்ரேதான். வீங்கிய பல்லின் வேர்நுனியில் மிளகு போன்ற கரிய வட்டம் தெரிந்தது. பக்கவாட்டில் ஏற்கெனவே இருந்த சொத்தையை அகற்றாமல் அதன்மேலேயே வேனீரை ஒட்டியிருந்ததாகவும், உள்ளே நரம்பு செத்துவிட்டதாகவும் விளக்கினார். மெல்லுவதற்கான கடைவாய்ப்பற்கள் குறைந்தால் அந்தப் பளு மற்ற பற்களின் மீது, முன்பற்கள் உட்பட, இறங்கும். ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத பீங்கான் தகட்டின் ஓரம் அதைத் தாங்காது. ஈறு அழற்சியோடு அச்செடுத்தால் கசியும் இரத்தமும் ஈரமும் அச்சையும் ஒட்டுதலையும் கெடுக்கும். பின்னாளில் ஈறு இறங்கும்போது வேனீரின் விளிம்பு வெளியே தெரியும். பல்லின் கடினமான மேலடுக்கான எனாமலில் நன்றாகப் பிடிக்கும் பசை, அதற்கு அடியிலுள்ள டென்டினில் அந்த அளவுக்குப் பிடிக்காது. என் பற்களில் ஓரிரு இடங்களில் டென்டின் வரை தேய்த்திருந்தார்கள். தேய்த்த எனாமல் மறுபடி வளராது என்பதால், அந்தப் பற்களை இனி ஏதாவதொரு உறையோடுதான் வைத்திருக்க வேண்டும்.

ஆக, நான் தள்ளிப்போடச் சம்மதித்த வேலைகள்தாம் முதலில் நடந்திருக்க வேண்டியவை: ஈறைச் சுத்தம் செய்து ஆறவிடுவது, சொத்தையை அடைப்பது, தேவையான பல்லுக்கு ரூட் கேனால் செய்வது, இழந்த கடைவாய்ப்பற்களை ஈடுசெய்து கடியைச் சமன்படுத்துவது. அழகு வேலை இவற்றின்மேல் அமர்வது. பற்களை வெளுக்கச் செய்வதாக இருந்தாலும் ஒரு வரிசைமுறை உண்டு: வெளுப்பு மருந்து அடைப்பின் நிறத்தையோ பல்லை மூடும் உறையான கேப்பின் நிறத்தையோ மாற்றாது; எனவே வெளுத்து, இரண்டு வாரம் பொறுத்து, பிறகுதான் முன்பல் அடைப்புகளை அந்த நிறத்துக்கு ஏற்ப வைப்பார்கள். எக்ஸ்ரே இல்லாமல், ஈறை அளக்காமல், முதல் நாளே நிறப்பட்டையை எடுப்பவரிடம் முன்பணம் கொடுத்துவிடாதீர்கள்.

இப்போது ஒரு பல்லுக்கு ரூட் கேனாலும் கேப்பும் முடிந்திருக்கின்றன. கடைவாயில் பிரிட்ஜ், அதாவது பக்கத்துப் பற்களில் தாங்கும் செயற்கைப் பற்கள், வைத்த பிறகே உடைந்த வேனீரை மாற்றுவதாக மருத்துவர் சொல்லிவிட்டதால், திருமணப் படங்களில் எல்லாம் வாயை மூடியே நிற்கிறேன். முதல் கிளினிக்மீது புகார் செய்வதென்று முடிவெடுத்தேன். சிகிச்சைக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்டதாக இருந்தால், மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுக் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். மனுவை எழுத உட்கார்ந்தபோதுதான் ரசீதைக் கவனித்தேன். "பல் அழகு சிகிச்சை, முழுத்தொகை" என்ற ஒற்றை வரி. எந்தப் பற்கள், என்ன பொருள், எத்தனை வேனீர் என்ற விவரம் எதுவுமில்லை.