மிளகுச்சாறு சேர்த்த குர்குமின் கேப்சூல்: யார் வாங்கலாம், யார் தொடவே கூடாது

மெடிக்கல் ஷாப்பிலும் ஆன்லைனிலும் பரவலாகக் கிடைக்கும் கலவை இது: மஞ்சளின் குர்குமின் 500 மி.கி., மிளகின் பைப்பரின் 5 மி.கி. எந்த கம்பெனி என்பதைவிட லேபிளின் பின்பக்கம் என்ன சொல்கிறது என்பதே முக்கியம்.

முன்பக்கத்தில் 'மஞ்சள் 1500 மி.கி.' என்று கொட்டை எழுத்தில் இருந்தால் ஏமாந்துவிட வேண்டாம். சாதாரண மஞ்சள்தூளில் குர்குமின் சுமார் 3 விழுக்காடுதான். 1500 மி.கி. தூளில் உங்களுக்குக் கிடைப்பது 45 மி.கி. '95% குர்குமினாய்டு' (குர்குமினும் அதன் இனச் சேர்மங்களும்) என்று எழுதியிருக்க வேண்டும். மிளகுக்கும் இதே கணக்கு. '95% பைப்பரின் 5 மி.கி.' வேறு, 'மிளகுத்தூள் 5 மி.கி.' வேறு. மிளகில் பைப்பரின் ஏறத்தாழ 5 விழுக்காடு என்பதால், பின்னதில் இருப்பது கால் மில்லிகிராம். அது பெயருக்குச் சேர்த்தது. கேப்சூலைப் பிரித்துத் தூளை நாக்கில் வைத்துப் பார்க்கலாம்: முதலில் ஒன்றும் தெரியாது, சற்று நேரத்தில் மிளகுக் காரம் மெல்ல ஏற வேண்டும்.

மிளகு எதற்கு? குர்குமினைத் தனியாக விழுங்கினால் குடல் சுவரிலும் கல்லீரலிலும் உள்ள நொதிகள் அதனுடன் குளுக்குரோனிக் அமிலத்தைக் கோத்து, நீரில் கரையும் கழிவாக்கி வெளியே அனுப்பிவிடும். பைப்பரின் அந்த நொதிகளைத் தடுக்கிறது. 1998-இல் வெளியான பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வில் 2 கிராம் குர்குமினுடன் 20 மி.கி. பைப்பரின் கொடுத்தபோது இரத்தத்தில் சேர்ந்த குர்குமின் 20 மடங்கானது. டப்பாக்களில் காணும் '2000%' அங்கிருந்து வந்ததுதான். கேப்சூலின் 100-க்கு 1 என்ற விகிதமும் அந்த ஆய்வின் விகிதமே. ஆனால் குர்குமினை மட்டும் கொடுத்தபோது இரத்தத்தில் அது கண்டறியவே கடினமான அளவில்தான் இருந்தது. அவ்வளவு சிறிய அளவின் 20 மடங்கு என்பதை, குணமாக்கும் சக்தி 20 மடங்கு என்று வாசிப்பது தவறு. மூட்டுத் தேய்மான வலிக்குக் குர்குமின் ஓரளவு ஆறுதல் தருவதாகச் சிறிய ஆய்வுகள் காட்டுகின்றன. அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

இனி, டப்பாவில் பெரும்பாலும் அச்சிடாத பக்கம். பைப்பரின் குர்குமினுக்காக மட்டும் வழிவிடுவதில்லை. கல்லீரலில் ஏராளமான மருந்துகளைச் சிதைக்கும் சிஒய்பி3ஏ4 நொதியையும், குடலுக்குள் மருந்தைத் திருப்பித் தள்ளும் பி-கிளைக்கோபுரோட்டீன் என்ற பம்பையும் அது தடுக்கிறது. இதைத் தெரிந்தே பயன்படுத்திய மருந்து ஒன்று உண்டு. 2009-இல் இந்தியாவில் அனுமதி பெற்ற காசநோய் மருந்தான ரிஸோரினில், வழக்கமான 450 மி.கி. ரிஃபாம்பிசினுக்குப் பதில் 200 மி.கி.தான். கூடவே 10 மி.கி. பைப்பரின். இந்த கேப்சூலை நாளைக்கு இரண்டு போட்டால் அதே 10 மி.கி. உங்கள் உடலுக்குள் போகிறது, அளந்து குறைக்கும் மருத்துவர் யாரும் இல்லாமல்.

அதனால் வலிப்புக்கு ஃபெனிட்டாயின் அல்லது கார்பமஸெபின், ஆஸ்துமாவுக்குத் தியோஃபிலின், இரத்த அழுத்தத்துக்குப் புரொப்ரனோலால், இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின், உறுப்பு மாற்று சிகிச்சைக்குப் பின் டாக்ரோலிமஸ் அல்லது சைக்ளோஸ்போரின் எடுப்பவர்கள் இதை வாங்கவே கூடாது. ஃபெனிட்டாயின் அளவு கொஞ்சம் கூடினாலே தள்ளாட்டமும் கண் அதிர்வும் வந்துவிடும். பித்தப்பைக் கல், கல்லீரல் கோளாறு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் தவிர்க்க வேண்டும். அறுவை சிகிச்சைக்கு இரண்டு வாரம் முன்பே நிறுத்திவிடுங்கள்.

அப்படியானால் ரசம்? ஒரு கிராம் மிளகில் சுமார் 50 மி.கி. பைப்பரின் இருந்தாலும், அது தூளுக்குள்ளிருந்து சோற்றோடு மெல்லத்தான் வெளிவரும். தவிர, நீங்கள் வழக்கமாகச் சாப்பிடும் உணவோடு சேர்த்துத்தான் உங்கள் மருந்தின் அளவு நிலைப்பட்டிருக்கும். கவனிக்க வேண்டியது திடீர் மாற்றத்தை: சளிக்கு என்று நாள் முழுதும் மிளகுக் கஷாயம், சுக்கு, மிளகு, திப்பிலி சேர்ந்த திரிகடுகு சூரணம். இரண்டும் அதே நொதிகளைத்தான் தொடுகின்றன, திப்பிலியிலும் பைப்பரின் உண்டு. உணவின் அபாயங்களை மதிப்பிடும் ஜெர்மனியின் அரசு அமைப்பான பிஎஃப்ஆர் துணை உணவுகளில் பிரித்தெடுத்த பைப்பரினுக்கு நாளைக்கு 2 மி.கி. என்று வரம்பு பரிந்துரைக்கிறது. இந்த கேப்சூல் ஒன்றே அதைத் தாண்டுகிறது.

வேறு மருந்து எதுவும் எடுக்காத, ஆரோக்கியமான ஒருவர் வாங்குவதானால் நாளைக்கு ஒன்று, எண்ணெயோ நெய்யோ சேர்ந்த சாப்பாட்டுக்குப் பின். வெறும் வயிற்றில் போட்டால் எரிச்சல் வரும். வெளிச்சம் பட்டால் பைப்பரின் வடிவம் மாறி வீரியம் குறையும், எனவே கண்ணாடி போன்ற டப்பாவைவிட ஒளி புகாத டப்பா நல்லது. 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) எண்ணும், ஈயம் பரிசோதித்த அறிக்கையும் கேளுங்கள். மஞ்சளில் நிறத்துக்காக லெட் குரோமேட் என்ற ஈயச் சேர்மத்தைக் கலப்பது நடக்கிற விஷயம்.

உறிஞ்சுதலைக் கூட்டிய மஞ்சள் மாத்திரைகளால் கல்லீரல் பாதிக்கப்படலாம் என்று ஆஸ்திரேலிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023-இல் எச்சரித்தது. சிறுநீர் அடர்நிறமானாலோ, கண் மஞ்சளித்தாலோ, காரணமின்றி உடல் அரித்தாலோ அன்றே நிறுத்திவிட்டு, டப்பாவையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள்.