ஒரு சென்ட் விலையில் ஓர் அமைதி இதழ்

நியூயார்க்கில் படிக்கும் என் அக்காள் மகள் விடுமுறைக்கு ஊர் வந்தபோது, துணிகளுக்கு இடையே மடித்துவைத்துக் கொண்டுவந்த ‘தி கத்தோலிக் வொர்க்கர்’ என்னும் அமெரிக்கக் கத்தோலிக்க இதழின் நான்கு பிரதிகளையும் படித்து முடித்தேன். முகப்பில் அச்சிட்டுள்ள விலை ஒரு சென்ட். ஆண்டுச் சந்தா 25 சென்ட். 1933 மே முதல் நாளன்று நியூயார்க்கின் யூனியன் சதுக்கத்தில், இதழைத் தொடங்கிய டாரதி டேயும் தோழர்களும் முதல் இதழை விற்றபோது வைத்த அதே விலை. அஞ்சல்தலைக்குக்கூடக் காணாத இந்தத் தொகையை, இதழ் சொல்லவரும் கருத்தின் முதல் வரியாகவே வாசிக்க வேண்டும் என்று எனக்குப் படுகிறது.

வடிவமைப்பில் பகட்டு இல்லை: கறுப்பு வெள்ளை அச்சு, நெருக்கமான பத்திகள். முகப்புச் சின்னத்தில் கிறிஸ்து இரு தொழிலாளர்களைத் தோளோடு அணைத்து நிற்கிறார். அதை வரைந்த ஓவியர் ஏட் பெத்யூன், 1985-இல் திருத்தி வரைந்தபோது ஆண்கள் இருவரில் ஒருவரைப் பண்ணையில் உழைக்கும் பெண்ணாக மாற்றினார். இவ்விதழின் அடையாளமாகிவிட்ட ஃபிரிட்ஸ் ஐகன்பெர்க்கின் மரச்செதுக்குப் படங்களுள் ஒன்றில், உணவுக்கு வரிசையில் நிற்கும் ஏழைகளோடு ஏழையாக, தலைக்குப் பின்னுள்ள ஒளிவட்டத்தால் மட்டுமே அடையாளம் தெரியும்படி கிறிஸ்துவும் நிற்கிறார்.

அகிம்சையைப் பொறுத்தவரை இவ்விதழ் விலைகொடுத்தே பேசியிருக்கிறது. ஸ்பெயின் உள்நாட்டுப் போரில், கத்தோலிக்கர் பலர் ஆதரித்த தளபதி பிராங்கோவை ஆதரிக்க மறுத்ததால், இதழைக் கட்டுக்கட்டாக வாங்கிவந்த பங்குத்தளங்கள் (ஊர்த் திருச்சபைகள்) பல விலகின. அமெரிக்காவைப் போருக்குள் இழுத்த பேர்ல் ஹார்பர் தாக்குதலுக்கு அடுத்த மாதமே, 1942 ஜனவரி இதழில், தங்கள் போர் மறுப்பு நிலைப்பாடு தொடரும் என்று டே அறிவித்தார். தங்கள் கொள்கை அறிக்கை இயேசுவின் மலைப்பொழிவே என்றும் எழுதினார். ஹிட்லரை யார் தடுப்பது என்ற கேள்விக்கு அது போதுமான பதிலாக எனக்குத் தோன்றவில்லை. ஆயினும் 1963-இல் திருத்தந்தை (போப்) 23-ஆம் யோவான் வெளியிட்ட ‘அவனியில் அமைதி’ சுற்றுமடலும், நகரங்களைக் கண்மூடித்தனமாக அழிக்கும் போரைக் கண்டித்த, ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் 1965-ஆம் ஆண்டு ஏடும் திருச்சபையை டேயின் பக்கமாகச் சற்றே நகர்த்தின. அச்சங்கம் கூடியிருந்தபோது அமைதிக்காக ரோமில் பத்து நாள் நோன்பிருந்த பெண்களுள் டேயும் ஒருவர்.

ஆனால் இவர்களுடைய அகிம்சை போர்க்களத்தோடு நிற்பதில்லை. வரவு செலவுக்குள்ளும் நுழைகிறது. கிறிஸ்டி தெருவில் இவர்கள் ஏழைகளோடு வாழ்ந்த இல்லத்தைச் சுரங்க ரயில் பணிக்காக நகராட்சி எடுத்துக்கொண்டது. இழப்பீடாக வந்த 68,700 டாலரை ஏற்றுக்கொண்ட டே, தாமதத்திற்கான வட்டியாகச் சேர்த்துத் தந்த 3,579 டாலர் 39 சென்ட்டை 1960-இல் ஒரு கடிதத்துடன் திருப்பி அனுப்பினார். பணம் பணத்தை ஈட்டும் முறையில் தங்களுக்கு நம்பிக்கையில்லை என்பதே காரணம். எத்தனை பேருக்குப் பல நாள் சூப்பும் ரொட்டியும் ஆகியிருக்கும் என்று மனம் கணக்குப் போடத்தான் செய்கிறது. ஆனாலும் உழைப்பு, சொத்து, வட்டி குறித்த கத்தோலிக்கச் சமூகப் போதனையைப் பாடநூல்களில் படித்துச் சலித்தவர்களுக்கு, அந்த 39 சென்ட் வரை எண்ணித் திருப்பிய கை நிறையவே விளக்கிவிடும்.

செய்தி வேகத்தை எதிர்பார்ப்பவர்களுக்கு இது ஏற்ற இதழ் அன்று. நான்கு இதழ்களுக்கும் எவ்வளவு தர வேண்டும் என்று அக்காள் மகளிடம் கேட்டேன். “நாலு சென்ட்தான் மாமா. வட்டி போட்டுக் கொடுத்துடாதீங்க” என்றாள்.