கர்ப்பத்துக்கு "இயற்கை ஹார்மோன்" க்ரீம்னு யாராவது வித்தா வாங்காதீங்க, சிங்கப்பூர்ல நடக்குது

ஒரு தடவையாவது கரு கலைஞ்சு இப்ப திரும்ப உண்டாகியிருக்கவங்க தயவுசெஞ்சு இதை முழுசா படிங்க. வாட்ஸ்அப் க்ரூப் வழியா "ஹார்மோன் பேலன்ஸ் பேக்கேஜ்"னு ஒரு க்ரீமும் கேப்ஸ்யூலும் நம்ம தமிழ்ப் பொண்ணுங்களுக்குன்னே வித்துட்டு இருக்காங்க. என்கிட்ட 680 வெள்ளி வாங்கினாங்க, ஃபோன் வழியா பணம் அனுப்புற பேநவ்ல. காசு போனது ஒரு பக்கம், அவங்க சொன்ன அட்வைஸ் இருக்கே, அதைக் கேட்டு நடந்திருந்தா உயிருக்கே ஆபத்து, அதுக்காகத்தான் எழுதுறேன்.

எனக்கு முன்னாடி ரெண்டு கலைஞ்சிருக்கு. இந்த முறை ஆறாவது வாரத்துலயே லேசா ரத்தம் பட்டுச்சு. டாக்டர் ஸ்கேன் பண்ணி, கரு கர்ப்பப்பைக்குள்ளதான் இருக்குன்னு பார்த்துட்டு டைட்ரோஜெஸ்டிரோன் மாத்திரை எழுதிக் குடுத்தாங்க, டுஃபாஸ்டன்னு சொன்னா நிறைய பேருக்குத் தெரியும். நான் தூங்காம அழுதுட்டே இருக்கேன், அம்மா ஊர்ல இருக்காங்க, வீட்டுக்காரருக்கு ஷிஃப்ட் வேலை. அப்பதான் தெரிஞ்சவங்க ஒருத்தங்க இந்த அக்கா நம்பரைக் குடுத்தாங்க. "நான் இருக்கேன்ல தங்கச்சி, இந்தப் பிள்ளை உன் கையில வரும், பயப்படாதே"ன்னு அவ்வளவு பாசமா பேசுனாங்க. அந்த நேரத்துல அப்படி ஒரு குரல் கேக்க மாட்டோமான்னுதான் எல்லாருமே ஏங்கிட்டு இருப்போம், அதைத் தெரிஞ்சுதான் பேசுறாங்க.

ப்ரோஜெஸ்டிரோன், அதாவது கர்ப்பத்தைத் தாங்குற ஹார்மோன், எவ்வளவு இருக்குன்னு பார்க்க முதல்ல ஒரு லேப்ல ரத்தம் குடுக்கச் சொன்னாங்க. ரிசல்ட் வந்ததும் "பாரும்மா, ப்ரோஜெஸ்டிரோன் ஏறவே இல்ல, டாக்டர் மாத்திரை உனக்கு வேலை செய்யல, அது கெமிக்கல், நிறுத்திட்டு நம்ம க்ரீமுக்கு மாறு"ன்னாங்க. இந்த இடத்துலதான் எல்லாரும் விழுறாங்க, ஏன்னா பேப்பர்ல நம்பர் கண்ணு முன்னாடி இருக்கு. நல்லவேளையா மாத்திரையை நிறுத்தலாமான்னு கிளினிக்குக்கு ஃபோன் பண்ணிக் கேட்டேன், அவங்க சொன்னப்ப எனக்கு கை நடுங்கிடுச்சு. டைட்ரோஜெஸ்டிரோன் நம்ம உடம்புல ஊறுற ப்ரோஜெஸ்டிரோன் மாதிரி வேலை செய்யுற வேற ஒரு மூலக்கூறாம், வழக்கமான ப்ரோஜெஸ்டிரோன் ரத்த டெஸ்ட்ல அது தெரியவே தெரியாதாம். அதாவது அந்த மாத்திரையைச் சாப்பிடுற யாரை டெஸ்ட் பண்ணாலும் அதனால நம்பர் ஏறாது. இது விக்கிறவங்களுக்குத் தெரியாமலா இருக்கும்? தெரியலேன்னா கர்ப்பிணிகளுக்கு ஆலோசனை சொல்ல இவங்க யாரு?

க்ரீம்ல என்ன இருக்குன்னு கேட்டா வைல்ட் யாம், அதாவது ஒரு காட்டு வள்ளிக்கிழங்குச் சாறு, உடம்புக்குள்ள போய் ப்ரோஜெஸ்டிரோனா மாறும்னாங்க. மாறாது. 1940கள்ல ரஸ்ஸல் மார்க்கர்னு ஒரு அமெரிக்க வேதியியலாளர் மெக்சிகோ கிழங்குல இருக்குற டயோஸ்ஜெனின்ங்கிற பொருள்ல இருந்து ப்ரோஜெஸ்டிரோன் தயாரிச்சாரு, அது உண்மை, ஆனா லேப்ல பல படி ரசாயன மாற்றம் பண்ணித்தான் தயாரிச்சாரு. மனுஷ உடம்புக்கு அந்த வேலை தெரியாது. தோல்ல தேய்ச்சாலும் சரி, முழுங்கினாலும் சரி, கிழங்கு கிழங்குதான்.

"லண்டன்ல ஆராய்ச்சி பண்ணி நிரூபிச்சது"ன்னு வேற ஒரு படம் அனுப்புனாங்க. அது ப்ரிஸம்னு 2019ல வந்த பிரிட்டிஷ் ஆராய்ச்சி, ஆனா அதுல யாரும் க்ரீம் தேய்க்கல. ஆரம்பத்துல ரத்தம் பட்ட 4,153 பெண்கள்ல ஒரு பாதிக்கு 400 மில்லிகிராம் ப்ரோஜெஸ்டிரோன் மருந்தை ஒரு நாளைக்கு ரெண்டு வேளை பிறப்புறுப்புல வைக்கக் குடுத்தாங்க, மறுபாதிக்கு மருந்தில்லாத டம்மி. மொத்தமா பார்த்தா மருந்து வச்சவங்கள்ல 75 சதவீதம் பேருக்கும் டம்மி வச்சவங்கள்ல 72 சதவீதம் பேருக்கும் குழந்தை உயிரோட பிறந்துச்சு, பெரிய வித்தியாசம் இல்ல. மூணு தடவையோ அதுக்கு மேலயோ கலைஞ்சவங்கள்ல மட்டும்தான் 72, 57னு நல்லா தெரிஞ்சுச்சு. அதுக்கு முன்னாடி 2015ல ப்ராமிஸ்னு ஒண்ணு, காரணம் தெரியாம திரும்பத் திரும்பக் கலையுறவங்களுக்கு, ரத்தம் படலேன்னாலும் ப்ரோஜெஸ்டிரோன் குடுத்துப் பார்த்தாங்க, பலன் தெரியல. ஆரம்பத்துல கலையுற கருவுல பாதிக்கிட்ட குரோமோசோம் கோளாறாலதான் கலையுது, அதை எந்த ஹார்மோனாலயும் சரி பண்ண முடியாதுன்னு டாக்டர் எனக்கு நேராவே சொன்னாங்க. கேக்கக் கஷ்டமாதான் இருந்துச்சு, ஆனா அதுல பொய் இல்ல. இந்த அக்கா "நூத்துக்கு நூறு கேரண்டி"ன்னாங்க.

அப்புறம் ஒரு ராத்திரி திரும்ப ரத்தம், இந்தத் தடவை கூடவே ஒரு பக்கமா வலி. அந்த அக்காவுக்கு மெசேஜ் போட்டா "ஸ்கேனுக்குப் போகாதே, ஸ்கேன் சூடு கருவுக்கு ஆகாது, க்ரீமை ரெண்டு மடங்கா தேய்"னு வாய்ஸ் நோட் அனுப்புறாங்க. இதை என்னால மன்னிக்கவே முடியாது. நானாவது முன்னாடியே ஸ்கேன் எடுத்திருந்தேன், அப்படி எடுக்காத ஒரு பொண்ணு இதைக் கேட்டு வீட்டுலயே படுத்திருந்தா? கரு குழாய்ல தங்கியிருந்து வெடிச்சா? கர்ப்பத்துல ரத்தமும் வலியும் சேர்ந்து வந்தா ஸ்கேன்தான் முதல்ல. கேகே ஆஸ்பத்திரியில பெண்களுக்கான அவசரப் பிரிவு 24 மணி நேரமும் இருக்கு, நாங்க டாக்ஸி பிடிச்சு அங்கதான் போனோம். பிள்ளைக்கு இதயத்துடிப்பு இருந்துச்சு. இப்ப வரைக்கும் நல்லா இருக்கு, அது மாத்திரையாலயா தானாவான்னு டாக்டரே சொல்ல மாட்டாங்க, நானும் சொல்ல மாட்டேன்.

பணத்தைத் திருப்பிக் கேட்டா "டியூப் ஓபன் பண்ணியாச்சு, ரீஃபண்ட் கிடையாது"ன்னுட்டு ப்ளாக் பண்ணிட்டாங்க. டப்பாவுல "எச்எஸ்ஏ அப்ரூவ்டு"னு ஸ்டிக்கர் வேற. எச்எஸ்ஏன்னா சிங்கப்பூர்ல மருந்துகளைக் கண்காணிக்கிற அரசு அமைப்பு. இங்க ஹெல்த் சப்ளிமெண்டை விக்கிறதுக்கு முன்னாடி எச்எஸ்ஏ அப்ரூவ் பண்றதே கிடையாது, அதனால சப்ளிமெண்ட்ல அப்படி ஒரு வார்த்தை பார்த்தாலே சந்தேகப்படுங்க. உண்மையான மருந்துன்னா எச்எஸ்ஏ வெப்சைட்ல தேடினா எஸ்ஐஎன் (SIN)னு தொடங்குற பதிவு நம்பரோட வரும், டைட்ரோஜெஸ்டிரோன் எல்லாம் டாக்டர் சீட்டு இருந்தாதான் குடுப்பாங்க.

நான் எச்எஸ்ஏவுக்கு எழுதிட்டேன், பயனீட்டாளர் சங்கத்துலயும் குடுத்திருக்கேன், அங்க முடியலேன்னா சின்னத் தொகை வழக்குகளைப் பார்க்கிற ஸ்மால் கிளைம்ஸ் தீர்ப்பாயம்தான், 20,000 வெள்ளி வரைக்கும் ரெண்டு வருஷத்துக்குள்ள அங்க போகலாம். இதே பேக்கேஜ் வாங்குனவங்க யாராவது இருந்தா டியூபைத் தூக்கிப் போடாதீங்க, பேநவ் ரசீது, சாட், வாய்ஸ் நோட் எல்லாத்தையும் எடுத்து வச்சுட்டு நீங்களும் புகார் குடுங்க, ஆள் பேரை மாத்திட்டு புது க்ரூப் ஆரம்பிச்சிருக்காங்கன்னு நேத்துதான் கேள்விப்பட்டேன்.