ஏழு பட்டன் அமுக்கற அளவுக்கு ஒர்த்தா? அஞ்சு வருஷமா ஒரு டிவியோட

போன வாரம் ஃப்ரெண்ட் ஒருத்தன் மெசேஜ் போட்டான், "டேய் நீ வெச்சிருக்க அதே மாடல்தான, இப்போ விலை செமயா குறைஞ்சிருக்கு, எடுத்துரவா?"னு. "எடுக்காத"னு டைப் பண்ணிட்டேன், அனுப்பல. அழிச்சிட்டு "எடு"னு போட்டேன், அதையும் அனுப்பல. அப்பறம் விளக்கமா சொல்லலாம்னு ஆரம்பிச்சு அது இவ்ளோ பெருசாயிருச்சு.

55 இன்ச், 4கே, 120 ஹெர்ட்ஸ் பேனல், எச்டிஆர், இதெல்லாம் விக்கற பக்கத்துலயே போட்டிருக்கு, நான் திரும்ப ஒப்பிக்கப் போறதில்ல. பிக்சர் நல்லா இருக்கு. சவுண்டு சுமார், டிவி சவுண்டு எப்பவும் சுமார்தான். அஞ்சு வருஷத்துல ஒரே ஒரு தடவ, போன மாசம், மெயின் போர்டு போச்சு, மாத்திக் குடுத்தாங்க. பிரச்சனையே அந்த போர்டு மாத்தினதுக்கு அப்பறம்தான் ஆரம்பிச்சுது, ஆரம்பிச்சுதுன்னு சொல்றது கூட தப்பு, அஞ்சு வருஷமா அடக்கி வெச்சிருந்தது திரும்ப வெளிய வந்துச்சு.

மோஷன் ஸ்மூத்திங்.

ஒவ்வொரு கம்பெனியும் இதுக்கு ஒரு பேரு வெச்சிருக்கு, மோஷன்ஃப்ளோம்பாங்க, ட்ரூமோஷன்ம்பாங்க, ஆட்டோ மோஷன் ப்ளஸ்ம்பாங்க, ஏதோ சத்து டானிக் மாதிரி. எல்லாம் ஒரே சமாச்சாரம்தான். ரிப்பேர் பண்ண வந்தவர் போர்டு மாட்டி, ஏதோ பறவை பறக்கற டெமோ வீடியோ போட்டு "புதுசு மாதிரி இருக்கு பாருங்க சார்"னு சொல்லிட்டுப் போயிட்டார். நானும் தலையாட்டினேன். ராத்திரி லைட் எல்லாம் அணைச்சிட்டு, ரொம்ப நாளா பாக்கணும்னு வெச்சிருந்த ஒரு மெதுவான படத்தப் போட்டா, மெழுகுவர்த்தி வெளிச்சத்துல ஒருத்தன் நடந்து வர்றான், அப்பிடியே கல்யாண வீடியோ. அவன் வழுக்கிக்கிட்டு வர்ற மாதிரி இருக்கு. பின்னாடி இருக்கற சுவரு செட்டுனு தெரியுது. அவன் போட்டிருக்க ஒட்டு மீச ஒட்டு மீசைனு தெரியுது. போர்டு மாத்தினதுல நான் அஞ்சு வருஷம் பாத்து பாத்து வெச்ச செட்டிங் எல்லாம் போயி, எல்லாம் ஃபேக்டரி செட்டிங்குக்கு வந்திருச்சு, ஃபேக்டரி செட்டிங்ல அந்த சனியன் ஆன்லதான் இருக்கும்.

ஏன் இப்பிடின்னு தெரியாதவங்களுக்கு மட்டும், மத்தவங்க அடுத்த பாராவுக்குப் போயிடுங்க. சினிமா செகண்டுக்கு 24 பிரேம், அதாவது 24 தனித்தனி படம். பேசாத படக் காலத்துல கையால சுத்தி எடுத்தாங்க, வேகம் ஆளாளுக்கு மாறும், 1920-கள் கடைசில சவுண்டு வந்ததும் வேகம் ஒரே சீரா இருந்தே ஆகணும்னு ஆச்சு, அப்போ நிலைச்சதுதான் இந்த 24. நூறு வருஷமா நம்ம கண்ணு அதையே "இது சினிமா"ன்னு பழகிருச்சு. டிவி நிகழ்ச்சியெல்லாம் வீடியோல செகண்டுக்கு 50, 60 தடவ அசைவு பதிவாகி வந்தது, அதனால வழவழன்னு ஓடும், அது "இது சீரியல்"ன்னு பழகிருச்சு. இந்த ஸ்மூத்திங் என்ன பண்ணுதுன்னா, பக்கத்து பக்கத்து ரெண்டு பிரேம எடுத்து, எது எங்க நகந்திருக்குன்னு கணக்குப் போட்டு, நடுவுல இல்லாத பிரேம தானா வரைஞ்சு சொருகுது. 120 ஹெர்ட்ஸ் பேனல்ல இத ஃபுல்லா வெச்சா செகண்டுக்கு நீங்க பாக்கற 120 படத்துல கேமரா எடுத்தது 24, மீதி 96 டிவி அடிச்சு விட்டது. விரல் வேகமா முகத்துக்குக் குறுக்க போனா அதுக்கு கணக்கு தப்பிரும், விரலச் சுத்தி ஒரு கலங்கல் ஒட்டிக்கிட்டே போகும், ஒரு தடவ பாத்துட்டீங்கன்னா அப்பறம் அது மட்டும்தான் தெரியும். இதுக்கு சோப் ஓபரா எஃபெக்ட்னே பேரு, சோப் ஓபரான்னா நம்ம சீரியல்தான். 2018 டிசம்பர்ல டாம் க்ரூஸே டைரக்டரப் பக்கத்துல நிக்க வெச்சு, தயவு செஞ்சு வீட்ல இத ஆஃப் பண்ணுங்கன்னு வீடியோ போட்டாரு. பறக்கற விமானத்துல தொங்கற மனுசனையே கெஞ்ச வெச்சிருச்சு. 2019-ல டைரக்டர்கள் சொல்லிச் சொல்லியே இந்த மாதிரி ஸ்மூத்திங்க எல்லாம் ஆஃப் பண்ணி வெக்கற ஃபிலிம்மேக்கர் மோடுன்னு ஒண்ணு அறிவிச்சாங்க, என் டிவில அது கிடையாது.

சரி ஆஃப் பண்ணிட்டுப் போடான்னு கேக்கறீங்க. ஹோம், செட்டிங்ஸ், பிக்சர், அட்வான்ஸ்டு, கிளாரிட்டி, மோஷன், ஆஃப். ஏழு. இது என் டிவில சாதாரண வீடியோவுக்கு மட்டும். எச்டிஆர், அதாவது வெளிச்சமும் இருட்டும் கூடுதலா தெரியற வீடியோ ஓடும்போது அதுக்குத் தனி செட்டிங், அது ஓடிக்கிட்டு இருக்கும்போதுதான் மாத்த முடியும். டால்பி விஷன்னு எச்டிஆர்லயே ஒரு வகை, அதுக்கும் அதே மாதிரி இன்னொண்ணு. ஆக மூணு ஏழு இருவத்தொண்ணு. ரிமோட்ல நான் ஒரு நாளும் தொடாத ஆப்புக்கெல்லாம் கலர் கலரா தனி பட்டன் இருக்கு, இதுக்கு இல்ல.

ஆனா ஆன் பண்றதுக்கு ரெண்டே அமுக்கு. அதக் கண்டுபிடிச்சது அம்மா. நான் ஆஃப் பண்ணி வெச்ச மறுநாள் சாயங்காலம் உள்ள இருந்து குரல், "என்னடா இது, படம் விட்டு விட்டு வருது, ரிப்பேர் சரியா பண்ணலையா?" நான் போயி 24 பிரேம் கதையெல்லாம் சொன்னேன். அவங்க பொறுமையா கேட்டுட்டு, "அதெல்லாம் இருக்கட்டும், ஆனா விட்டு விட்டுதான வருது"ன்னாங்க. அப்பறம் பிக்சர் மோடு பட்டன ரெண்டு தடவ அமுக்கி விவிட்ங்கற பளிச் மோடுல வெச்சாங்க, ஸ்மூத்திங்கும் கூடவே வந்துருச்சு, "பாரு, இப்போதான் கண்ணுக்கு நல்லா இருக்கு."

கோவத்த ஓரமா வெச்சிட்டு யோசிச்சா அவங்க சொன்னது தப்பில்ல. கேமரா பக்கவாட்டுல மெதுவா திரும்பற ஷாட்ல 24 பிரேம் திக்கித் திக்கித்தான் போகும். பழைய 60 ஹெர்ட்ஸ் டிவில இன்னும் மோசம், 60-ஐ 24-ஆல வகுத்தா சரியா வராது, ஒரு பிரேம மூணு தடவ அடுத்தத ரெண்டு தடவன்னு காட்டும், ஒரு கால் குட்டையான ஆள் நடக்கற மாதிரி. 120-ல ஒவ்வொண்ணும் சரியா அஞ்சு தடவ, அந்த நொண்டல் கிடையாது, ஆனாலும் 24-க்கே உள்ள திக்கல் போகாது. தியேட்டர்ல நமக்கு அது உறுத்தல, வீட்ல பளிச்சுனு இருக்கற ஸ்கிரீன்ல உறுத்துது. 2012-ல பீட்டர் ஜாக்சன் ஹாபிட் முதல் பாகத்த நிஜமாவே 48 பிரேம்லயே எடுத்துக் காட்டினாரு, அதப் பாத்துட்டும் பாதிப் பேரு சீரியல் மாதிரி இருக்குன்னுதான் சொன்னாங்க. அவ்ளோ காசு போட்டு எடுத்தும் அதே பேச்சு.

இப்போ உண்மையச் சொல்லணும், இல்லன்னா இந்த ரிவ்யூவுக்கே அர்த்தம் இல்ல. இந்த டிவிய நான் வாங்கினது உலக சினிமா பாக்க. வாங்கும்போது அப்பிடித்தான் சொன்னேன், நானும் நம்பினேன். இப்போ டிவி ஆன் பண்ணா "தொடர்ந்து பார்க்க"ன்னு ஒரு வரிசை வருமே, அதுல மொதல்ல இருக்கறது ஒரு டேட்டிங் ரியாலிட்டி ஷோ. ரெண்டாவது மல்யுத்தம். மூணாவது கொரியன் சீரியல். நாலாவதா ஒரு ஐரோப்பியப் படம், 22-வது நிமிஷத்துல எட்டு மாசமா நிக்குது. வீட்டுக்கு யாராச்சும் வந்தா நான் டக்குனு அந்த வரிசையத் தாண்டிப் போயிருவேன்.

மல்யுத்தத்துல எனக்குப் பெருசா வெக்கம் இல்ல. எல்லாம் முன்னாடியே பேசி வெச்சதுன்னு 1989-லயே அத நடத்தற டபிள்யூடபிள்யூஇ கம்பெனியே (அப்போ பேரு டபிள்யூடபிள்யூஎஃப்) அமெரிக்காவுல நியூஜெர்சி செனட் முன்னாடி ஒத்துக்கிட்டாச்சு, அதுக்கப்பறமும் "டேய் அது பொய்டா"ன்னு எங்கிட்ட வந்து சொல்றவங்களுக்கு என்ன பதில் சொல்றது. பொய்னு தெரிஞ்சுதான் 2014-ல அண்டர்டேக்கர் ரெசில்மேனியாங்கற பெரிய வருடாந்திர ஷோல தோக்காமயே வெச்சிருந்த 21-0 உடைஞ்சப்போ ரெண்டு நாளு யார்கிட்டயும் சரியா பேசல. 2025-ல ஜான் சீனாவோட கடைசி வருஷம், இத்தன வருஷம் நல்லவனா இருந்துட்டு மார்ச்ல வில்லனா மாறினாரு, ஏப்ரல்ல ரெசில்மேனியா 41-ல 17-வது உலகப் பட்டம், நான் சோபாவுல எழுந்து நின்னு கத்தினேன், வயசக் கேக்காதீங்க. இதுல ஸ்மூத்திங் ஆன்ல இருந்தாலும் ஆஃப்ல இருந்தாலும் ஒண்ணுதான், நேரலைல ஏற்கனவே பிரேம் நிறைய, டிவி சொருகினாலும் பெருசா வித்தியாசம் தெரியாது.

வெக்கம் அந்த டேட்டிங் ஷோல. அதுல ஸ்மூத்திங் ஆன்ல இருந்தா, சொல்லவே கூச்சமா இருக்கு, சூப்பரா இருக்கு. பக்கத்து வீட்டு சண்டைய ஜன்னல் வழியா பாக்கற மாதிரி. பூசின மேக்கப், மைக் ஒயரு சட்டைக்குள்ள துருத்திக்கிட்டு இருக்கறது, எல்லாம் தெரியுது, தெரியத் தெரியத்தான் ருசி. ஒட்டு வேலைய புடிக்கறதுதான் எனக்கு இதுல பெரிய விளையாட்டு. ஒருத்தர் பேசிக்கிட்டே இருப்பாங்க, பாதில கேமரா அவங்க முகத்த விட்டுட்டு வேற யாரோட மூஞ்சிக்கோ ஜன்னலுக்கோ போகும், குரல் மட்டும் ஓடும், அங்கதான் வேற நாள் பேசினதையும் இன்னொரு நாள் பேசினதையும் வெட்டி ஒரே வாக்கியமா ஒட்டியிருக்க வாய்ப்பு அதிகம். எடிட்டிங் ஆளுங்க இதுக்கு ஃப்ராங்கன்பைட்னு பேரே வெச்சிருக்காங்க. "நான் அவனை..."ன்னு முகத்துல ஆரம்பிச்சு "...மன்னிக்கவே மாட்டேன்"னு பூச்செடி மேல முடிஞ்சா நான் நம்பறதில்ல. கேமரா எடுக்காத வாக்கியத்த ஷோ சொருகுது, கேமரா எடுக்காத பிரேம டிவி சொருகுது, ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு பொருத்தமாத்தான் இருக்கு.

அப்பிடியே ஒரு பழக்கம் வந்திருச்சு. ஒண்ணு போட்டா மொத அஞ்சு நிமிஷத்துல மனசுக்குள்ள ஒரு கேள்வி, ஏழு பட்டன் அமுக்கற அளவுக்கு இது ஒர்த்தா? அமுக்கினா அது படம். அமுக்கலேன்னா டைம்பாஸ். ஸ்டார் ரேட்டிங் குடுக்கறதெல்லாம் விட்டுட்டேன், கை சோம்பல் சொல்றதுதான் ரேட்டிங்.

கொரியன் சீரியல் டைம்பாஸ் லிஸ்ட்லதான் இருந்துச்சு. 16 எபிசோடு, ஒவ்வொண்ணும் ஒரு மணி நேரத்துக்குப் பக்கம், தமிழ் டப்பிங்ல. ஹீரோ ஹீரோயின் கையப் புடிச்சா அதையே மூணு ஆங்கிள்ல ஸ்லோமோஷன்ல காட்டுவாங்க, மழைல குடை புடிப்பாங்க, ஸ்மூத்திங்ல அந்த மழைத்துளியெல்லாம் ஒண்ணோட ஒண்ணு குழம்பி ஜவ்வு மாதிரி விழும், நான் சிரிச்சிக்கிட்டே பாத்தேன். பத்து எபிசோடு அப்பிடியே போச்சு.

பதினொண்ணாவது எபிசோடு. ஆஸ்பத்திரி வராண்டா. அந்தப் பொண்ணு பெஞ்சுல உக்காந்திருக்கா, அதுவரைக்கும் கத்திக்கிட்டே இருந்த அவ அம்மா வந்து ஒண்ணும் பேசாம கீழ உக்காந்து, அவ ஷூ லேஸ் அவுந்திருக்கறதக் கட்டி விடறாங்க. ஒரு நிமிஷம் இருக்கும். வசனம் இல்ல, மியூசிக் இல்ல. கட்டி முடிச்சிட்டு அடுத்த காலுல நல்லாவே இருக்கற முடிச்சையும் அவுத்துத் திரும்பக் கட்டறாங்க. என் டிவில அந்த விரல்களச் சுத்தி கலங்கல் ஆடுது. ஒரு நடிகை லேஸ் கட்டறது தெரியுது, அம்மா தெரியல. பாஸ் பண்ணேன். ஹோம், செட்டிங்ஸ், பிக்சர்... ஏழும் அமுக்கி, ரிவைண்ட் பண்ணி முதல்ல இருந்து போட்டேன். இந்தத் தடவ அம்மா தெரிஞ்சாங்க. அந்த ரெண்டாவது முடிச்சு அவிழ்க்கும்போது எனக்குத் தாங்கல. இத்தனைக்கும் அடுத்த எபிசோட்ல அந்தப் பொண்ணுக்கு ஞாபக மறதி வந்திருச்சு, எவன் எழுதறான் இதையெல்லாம்னு திட்டினேன், அது வேற.

ஃப்ரெண்டுக்கு பதில்: வாங்காத. பேனல் அருமை, கருப்பு கருப்பாவே இருக்கும், அந்த ஒரு போர்டத் தவிர அஞ்சு வருஷம் அசையாம உழைச்சிருக்கு, இந்த விலைக்கு இதவிட நல்லது கிடைக்காது, ஆனா வாங்காத. மெனுவுக்குள்ள மெனுவா இத ஒளிச்சு வெச்சவங்களுக்கு நான் ஆள் புடிச்சுக் குடுக்க மாட்டேன். அப்பிடியும் வாங்கினா மொத நாளே மூணு வகை வீடியோவும் ஓட விட்டு மூணுலயும் ஆஃப் பண்ணிடு, ரிப்பேருக்கோ அப்டேட்டுக்கோ அப்பறம் திரும்பப் பாத்துக்கோ. அவன் உடனே கேட்டான், "அப்போ நீ வித்துரு, நான் எடுத்துக்கறேன்." அதெல்லாம் தர மாட்டேன்.

இத டைப் பண்ணிக்கிட்டு இருக்கும்போதே உள்ள இருந்து குரல், "டேய், திரும்ப விட்டு விட்டு வருது பாரு, என்ன பண்ணி வெச்ச?"

பதினாறாவது எபிசோடு அம்மாவும் சேந்து பாத்துக்கிட்டு இருக்காங்க. "கொஞ்சம் அப்பிடியே விடும்மா, ஒரு சீன் வரும்"னேன்.